நடந்தே சென்ற மகரிஷி

1875-ஆம் ஆண்டு மழைக்காலம். கொங்கணக் கடற்கரையில் ரத்னகிரி மாவட்டத்தைச் சேர்ந்த முருட் என்னும் சிற்றூரிலிருந்து, மாணவர் சிலர் மூட்டைகளைத் தோளில் சுமந்தபடி கால்நடையாகப் புறப்பட்டனர். அரசுப் பணியில் சேருவதற்கான தேர்வு ஒன்று சதாராவில் நடைபெறவிருந்தது. மழைக்காலத்தில் கடல்வழிப் பயணம் இயலாது. மலைவழியே செல்ல வண்டி அமர்த்திக்கொள்ளக் கையில் பணம் இல்லை. எனவே நடப்பது என்று முடிவாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாயைக் கடந்து, கொட்டும் மழையில், ஏறத்தாழ 110 மைல்களை அவர்கள் நான்கே நாட்களில் நடந்து முடித்தனர்.

அம்மாணவர்களுள் ஒருவர் தோண்டோ கேசவ கார்வே. தேர்வு எழுதுவதற்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு அந்த வயது நிறைந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கான சான்றிதழும் கையில் இருந்தது. ஆனால் மெலிந்து, சிறுத்து, பாலகனைப் போன்று நின்ற அவரைப் பார்த்த தேர்வுக் குழுத் தலைவர், இவருக்கு 17 வயது இருக்கமுடியாது என்று கூறித் தேர்வு எழுத அனுமதி மறுத்துவிட்டார். சான்றிதழ் எடுபடவில்லை. வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று.

ஓர் இளைஞனின் உள்ளத்தில் முளைவிடும் ஆர்வத்தை அடியோடு கருகச் செய்வதற்கு இத்தகைய ஒரு நிகழ்ச்சி போதும். கார்வேயும் மிகவும் மனமுடைந்து போனார். எனினும் மறுஆண்டு அவர் கோலாப்பூருக்குச் சென்று அதே தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்றார். பிற்காலத்தில் இந்திய நாட்டின் முதல் மகளிர் பல்கலைக்கழகத்தை நிறுவி, மகரிஷி என்று மக்களால் போற்றப்பட்டு, 104 ஆண்டுகள் வாழ்ந்த அப்பெருந்தகையின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு பயணங்களின் சாயலிலேயே அமைந்தது என்று கூறலாம். அவர் எடுத்துவைத்த முதல் அடிகளுள் பல தோல்வியிலேயே முடிந்தன. அவற்றை அவர் இரண்டாம் முறையும் எடுத்துவைத்தார்.

கூச்சம் நிறைந்த இளமை

கார்வே 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், தம் தாயின் ஊராகிய ஷேரவலியில் பிறந்தார். தந்தை கேசவபந்த், தாய் லட்சுமிபாய். முன்னோர் காலத்தில் செல்வாக்குடன் விளங்கிய குடும்பம் அது. ஆயினும் அவர் பிறந்தபோது வறுமையும் தன்மானமும் மட்டுமே எஞ்சியிருந்தன. தந்தை வேறோர் ஊரில் குறைந்த ஊதியத்தில் நிலபுலன்களை மேற்பார்வையிடும் பணியில் இருந்தார்.

முருட் கிராமப் பள்ளியில் சோமன் என்னும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். பொதுநலப் பணியில் நாட்டம் கொண்ட அவர், மாணவன் கார்வேயைக் கோயிலில் கூடும் ஊராருக்குச் செய்தித்தாள்களை வாசித்துக் காட்டும்படி செய்தார். இது எளிய பணிதான். ஆனால் கார்வே இயல்பிலேயே மிகுந்த கூச்சம் உடையவர். நான்கு பேர் முன்னிலையில் வாய் திறப்பது அவருக்குப் பெரும் சோதனை. அந்தக் கூச்சம் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு முற்றிலும் நீங்கியதாகத் தெரியவில்லை. மேடைப் பேச்சில் அவர் வல்லவராகத் திகழவில்லை. கேட்போரைக் கட்டிப்போடும் கம்பீரமும் அவரிடம் இல்லை. பிறரிடம் கையேந்திப் பொருள் திரட்டுவதையே வாழ்நாள் பணியாக ஏற்க நேர்ந்தவர் இப்படிப்பட்ட ஒருவர் என்பதை நினைவில் கொண்டால்தான், அவர் செய்த பணியின் அருமை விளங்கும். கூச்சம் அகன்ற பிறகு செயலில் இறங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அவர் முருட்டிலேயே இருந்திருப்பார்.

ஆங்கிலக் கல்வியை அவர் காலம் தாழ்த்தியே தொடங்கினார். ரத்னகிரியில் படிக்கச் சென்றபோது நோயுற்றுத் திரும்ப நேர்ந்தது. பின்னர் பம்பாய் சென்று ராபர்ட் மணி பள்ளியில் சேர்ந்து, 1881-இல், தமது 23-ஆம் வயதில் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். வில்சன் கல்லூரியிலும் எல்பின்ஸ்டன் கல்லூரியிலும் பயின்று 1884-இல் கணிதத்தில் பட்டம் பெற்றார். படிப்புச் செலவுக்காக மாணவர்களுக்குத் தனிப்பாடம் கற்பித்தார். பட்டம் பெற்ற பிறகும் பம்பாயின் பல பள்ளிகளில் மணிக்கணக்கில் கணிதம் கற்பித்துக் குடும்பத்தை நடத்தினார். விடியுமுன் எழுந்து, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நடந்து, இரவில் வீடு திரும்பும் வாழ்க்கை அது. அந்நாட்களிலேயே தாம் ஈட்டும் பொருளில் ஒரு சிறு பங்கை அறப்பணிக்கென ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை மேற்கொண்டிருந்தார். முருட் கிராமத்தின் நன்மைக்காக, அவ்வூரைச் சேர்ந்தவர்களிடம் சிறுசிறு தொகைகளைத் திரட்டி ஒரு நிதியையும் ஏற்படுத்தினார். பிற்காலத்தில் நாடு முழுவதும் அவர் கையாண்ட முறை இதுவே: சிறு தொகை, தவறாத ஒழுங்கு, ஒரு காசுக்கும் கணக்கு.

இல்லறம் தந்த சோதனை

அக்கால வழக்கப்படி கார்வேக்கு 14-ஆம் வயதிலேயே ராதாபாய் என்னும் சிறுமியுடன் திருமணம் நடந்திருந்தது. 1891-ஆம் ஆண்டு ராதாபாய் நோயுற்று இறந்தார். அதே ஆண்டின் இறுதியில், கோபால கிருஷ்ண கோகலேயின் அழைப்பை ஏற்று, புனே பெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகக் கார்வே பொறுப்பேற்றார். லோகமான்ய திலகர் தக்காணக் கல்விக் கழகத்திலிருந்து விலகிய பின் வெறுமையாக இருந்த இடம் அது. குறைந்த ஊதியத்தில் நீண்ட காலம் பணிபுரிவதாக உறுதியளிப்பவர்களே அக்கழகத்தின் ஆயுள் உறுப்பினர்கள். கார்வேயும் அவ்வாறே உறுதியளித்தார்.

இளம் வயதில் மனைவியை இழந்த ஆண் மீண்டும் ஒரு சிறுமியை மணந்துகொள்வது அன்று மிக இயல்பான செயல். யாரும் அதைக் குறைகூற மாட்டார்கள். எட்டு வயதிலேயே கணவனை இழந்த பெண்ணோ, வாழ்நாள் முழுவதும் மங்கலங்கள் அனைத்திலிருந்தும் விலக்கப்பட்டு, வீட்டின் ஒரு மூலையில் உழைத்துத் தேய வேண்டும். இந்த அநீதி கார்வேயின் உள்ளத்தை நெடுநாட்களாக உறுத்தி வந்தது. மறுமணம் செய்துகொள்வதாக இருந்தால் ஒரு விதவையையே மணப்பது என்று முடிவு செய்தார். அவரது நண்பர் நரஹரிபந்த் ஜோஷியின் சகோதரி கோதுபாய், எட்டு வயதில், திருமணமான சில மாதங்களிலேயே கணவனை இழந்தவர். பண்டித ரமாபாய் 1889-இல் தொடங்கிய சாரதா சதனத்தின் முதல் விதவை மாணவி அவர். 1893-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் புனேயில் அவர்களின் திருமணம் நடைபெற்றது. கோதுபாய் அன்று முதல் ஆனந்திபாய் ஆனார்.

சொந்த ஊராகிய முருட் கொதித்தெழுந்தது. கார்வே ஊர்விலக்குச் செய்யப்பட்டார். அவருக்கு இடமளிக்கும் உறவினர்களும் விலக்கப்படுவர் என்னும் நிலை ஏற்பட்டது. தாம் பிறந்து வளர்ந்த வீட்டில், தம் குடும்பத்தாருடன் சேர்ந்து அமர்ந்து உண்ணவும் அவரால் இயலவில்லை. எந்த ஊரின் நன்மைக்காகக் காசு காசாகச் சேர்த்தாரோ, அந்த ஊரே அவரைப் புறந்தள்ளியது. அவர் எதிர்த்து வாதிடவில்லை. ஊராரை இகழவும் இல்லை. புனேக்குத் திரும்பிச் சென்று, அதே 1893-ஆம் ஆண்டில் விதவை மறுமணத்தை ஆதரிக்கும் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார்.

விரைவிலேயே ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. மறுமணம் என்பது மிகச் சில பெண்களுக்கே கைகூடக்கூடியது. அதற்குத் துணியாத, அதை விரும்பாத, அல்லது அதற்கு வாய்ப்பே இல்லாத பெண்கள் ஆயிரம் ஆயிரம். அவர்களுக்குத் தேவை கல்வி. தம் காலில் நிற்கும் ஆற்றல். இந்த எண்ணத்துடன் 1896-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'அநாத பாலிகாசிரம மண்டலி' என்னும் அமைப்பை அவர் நிறுவினார். அதுவரை தாம் சேமித்து வைத்திருந்த பணத்தை அதற்கு அளித்தார். தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் பின்னர் அதற்கே எழுதிக் கொடுத்தார்.

அன்றைய சூழலையும் இங்கு மனத்தில் கொள்ள வேண்டும். 1893-இல் சாரதா சதனம் மதமாற்றச் சர்ச்சையில் சிக்கியது. அதற்குத் துணைநின்ற இந்துப் பெரியோர்கள் ஆதரவை விலக்கிக் கொண்டனர். பெண்களுக்கான விடுதி என்றாலே பெற்றோர்கள் ஐயத்துடன் நோக்கிய காலம். எனவே கார்வே ஒரு முடிவுக்கு வந்தார்: விதவையர் இல்லத்தில் கல்வி மட்டுமே கற்பிக்கப்படும், மறுமணப் பிரசாரத்திற்கு அங்கு இடம் இல்லை. தீவிரச் சீர்திருத்தவாதிகள் பலருக்கு இது பிடிக்கவில்லை. தாமே ஒரு விதவையை மணந்தவர், இப்போது பழைமைவாதிகளுக்கு அஞ்சிப் பின்வாங்கிவிட்டார் என்று அவர்கள் ஏசினர். பழைமைவாதிகளோ அவரைச் சிறிதும் நம்பவில்லை.

அவர்களின் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் முழுமையான மாற்றத்தை வலியுறுத்தி ஒரு பெண்ணையும் சேர்க்க முடியாமல் நிற்பதைவிட, பத்துப் பெண்களை வீட்டு இருளிலிருந்து பள்ளிக்கு அழைத்துவருவது கார்வேக்கு முதன்மையாகப் பட்டது. எட்டக்கூடிய படியில் முதலில் காலை வைத்தார். அவருக்கு இருந்த கணித அறிவும் இதற்கு உதவியிருக்கக்கூடும். முதல் வரியை எழுதாமல் கடைசி வரியை எழுத இயலாது அல்லவா?

ஹிங்கணேக்குச் செல்லும் பாதை

இல்லம் முதலில் புனே நகரிலேயே சிறிய அளவில் நடைபெற்றது. நகரில் பிளேக் நோய் பரவிய காரணத்தால் அங்கு தொடர்ந்து நடத்துவது கடினமாயிற்று. ராவ்பகதூர் கணேச கோவிந்த கோகலே என்னும் அன்பர், நகரிலிருந்து ஏறத்தாழ நான்கு மைல் தொலைவில், ஹிங்கணே கிராமத்தில் 6 ஏக்கர் நிலத்தையும், ஒரு குடில் அமைக்க 750 ரூபாயையும் வழங்கினார். 1900-ஆம் ஆண்டில் இல்லம் அங்கே குடியேறியது. சுற்றிலும் வெட்டவெளி. நல்ல சாலை இல்லை. மழைக்காலத்தில் வழி முழுவதும் சேறு.

கார்வே நாள்தோறும் கல்லூரியில் கணிதம் கற்பித்து முடித்ததும், இல்லத்துக்குத் தேவையான பொருட்களை நகரில் வாங்கி, அவற்றைச் சுமந்துகொண்டு ஹிங்கணேக்கு நடப்பார். மாலையில் அப்பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். இரவில் அங்கேயே தங்கி, காலையில் மீண்டும் நடந்து கல்லூரிக்குத் திரும்புவார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. கல்லூரி விடுமுறை நாட்களிலோ ஊர் ஊராகச் சென்று நன்கொடை திரட்டுவார். அவர் கேட்டது பெருந்தொகை எதுவும் இல்லை. ஒருவர் தரும் நாலணாவும் அவருக்கு வரவு. அந்த நாலணாவும் ஆண்டறிக்கையில் இடம்பெறும்.

செயலைத் தொடங்கும் நாளில் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். நம் நாட்டில் 'ஆரம்ப சூரர்' என்னும் சொல்லே இதனால்தான் வழக்கில் வந்தது போலும். உற்சாகம் உள்ளத்தின் ஓர் அலை. எழுந்த அலை தாழ்ந்தே தீரும். கீதையின் 18-ஆம் அத்தியாயம் சாத்வீகமான கர்த்தாவை வருணிக்கும்போது, உற்சாகத்தோடு உறுதியையும் சேர்த்தே கூறுகிறது. பின்னர் அந்த உறுதியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு மூவகையாகப் பிரித்து ஆராய்கிறது. ஹிங்கணேக்குச் சென்ற பாதையில் கார்வேயை இயக்கியது பெரும்பாலும் இந்த உறுதியே. சேற்றில் நடக்கும் ஒவ்வொரு மாலையும் அவருக்கு உற்சாகமாக இருந்திருக்க இயலாது. மாலை வந்தால் நடக்க வேண்டும் என்னும் நியமம் இருந்தது; நடந்தார். இன்று போகலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் மனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் மூன்றாம் வாரத்திலேயே அதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

இந்த உறுதிக்குரிய விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் ஹிங்கணேயில் தங்கிய இரவுகளில் ஆனந்திபாய் புனேயில் குழந்தைகளோடு தனித்திருந்தார். கணவரின் ஊதியத்தில் பெரும்பங்கு இல்லத்திற்குச் சென்றது. காப்பீட்டுப் பத்திரத்தையும் எழுதிக் கொடுத்தபோது, தமக்குப் பின் குழந்தைகளின் கதி என்ன என்ற கவலை அந்தத் தாய்க்கு எழாமல் இருக்குமா? எழுந்தது, அவர் அதை வெளிப்படையாகவே கேட்டார். மறுமணம் செய்துகொண்டவர் என்பதனால், விதவையர் இல்லத்தின் வாழ்வில் அவருக்கு உரிய இடமும் தொடக்கத்தில் கிடைக்கவில்லை. அவர் செவிலியர் பயிற்சி பெற்றுக் குடும்பத்திற்குத் துணைநிற்க முயன்றார். பின்னர் அவரே இல்லத்திற்காக நிதி திரட்டினார். முதுமையில் மராத்தியில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய அவர், பட்ட துன்பங்களை அதில் மறைக்கவில்லை. மகரிஷியின் வரலாற்றைப் படிப்போர் 'பாயா' என்று அன்புடன் அழைக்கப்பட்ட அந்த அம்மையாரின் நூலையும் உடன்வைத்துப் படிப்பது நல்லது.

ஆனந்திபாயின் தங்கை பார்வதிபாய் ஆடவலே, இளமையிலேயே கணவனை இழந்தவர். கைக்குழந்தையுடன் பிறந்தகத்தில் முடங்கிக் கிடந்த அவர், எழுத்தறிவே ஏறத்தாழ இல்லாத நிலையில் புனேக்கு வந்து படிக்கத் தொடங்கினார். பின்னர் ஹிங்கணே இல்லத்தின் மேற்பார்வையாளரானார். ஊர் ஊராகச் சென்று இல்லத்திற்காகப் பேசி நிதி திரட்டினார். பிற்காலத்தில் தனியே அமெரிக்காவுக்கும் சென்றார். அங்கே வீட்டுவேலை செய்து பிழைத்துக்கொண்டே ஆங்கிலம் கற்றார். கார்வேயின் பணி என்ன பயன் தந்தது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வாழ்க்கையே போதிய விடை.

1907-இல் திருமணமாகாத சிறுமியர்க்கென 'மகிளா வித்யாலயம்' தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் வளர வளர, தாம் மறைந்தபின் அவற்றை யார் தாங்குவர் என்னும் கேள்வி கார்வேயின் உள்ளத்தில் எழுந்தது. பெண்கள் முன்னேற்றத்திற்கே வாழ்வை ஒப்படைக்கும் தொண்டர்களின் குழு ஒன்றை அமைத்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'நிஷ்காம கர்ம மடம்'. பலனைக் கருதாது பணிபுரிதல் என்பதை மேடைகளில் விளக்குவோர் பலர். கார்வே அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. சேருவோரின் உறுதிமொழியில் எழுதிவைத்தார்.

அஞ்சலில் வந்த சிறு நூல்

ஒரு நாள் கார்வேக்கு அஞ்சலில் ஒரு சிறு நூல் வந்தது. டோக்கியோவில் இயங்கிவந்த ஜப்பான் மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றிய நூல் அது. அனுப்பியவர் காசியைச் சேர்ந்த பாபு சிவப்பிரசாத குப்தர் என்பது பின்னரே தெரியவந்தது. அப்போதிருந்த வேலை நெருக்கடியில் கார்வே அந்நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒருபுறம் வைத்துவிட்டார். பெரும் பணிகளுக்கான வித்து வாயிலில் வந்து நிற்கும்போது அதை அடையாளம் காணாமல் விடுவது மகான்களுக்கும் நேரக்கூடியதே.

1914-இல் அவர் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1915-ஆம் ஆண்டு டிசம்பரில் பம்பாயில் கூடவிருந்த தேசிய சமூக மாநாட்டுக்குத் தலைமை தாங்கும்படி அவருக்கு அழைப்பு வந்தது. தலைமையுரைக்கு என்ன பொருளை எடுத்துக்கொள்வது என்று சிந்தித்தபோது அந்த ஜப்பானிய நூல் நினைவுக்கு வந்தது. எடுத்துப் படித்தார். இந்திய மகளிர்க்கெனத் தாய்மொழி வழியே உயர்கல்வி அளிக்கும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் திட்டத்தை மாநாட்டில் முன்வைத்தார்.

அப்போது அவருக்கு 57 வயது கடந்திருந்தது. அரசின் அங்கீகாரம் இல்லை. கட்டடம் இல்லை. பெருந்தனவந்தர் எவரும் முன்வரவில்லை. முதலில் இவை கூடட்டும் என்று அவர் எண்ணியிருந்தால் அத்திட்டம் மாநாட்டு அறிக்கையோடு நின்றிருக்கும். ஆறே மாதங்களில், 1916-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பல்கலைக்கழகப் பேரவை கூடிவிட்டது. டாக்டர் ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் வேந்தரானார். கார்வேயின் உதவியால் கல்வி பெற்று, கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றுத் திரும்பிய முருட் பகுதி உறவினர் ரகுநாத பராஞ்ஜ்பே துணைவேந்தரானார். ஹிங்கணேயில் தொடங்கிய கல்லூரியில் சேர்ந்த மாணவியர் ஐவர். ஐந்து மாணவியர்க்கு ஒரு பல்கலைக்கழகமா என்று நகைத்தவர்கள் பலர்.

நகைப்புடன் நியாயமான மறுப்புகளும் எழுந்தன. தாய்மொழிவழிக் கல்வியை மிகவும் பாராட்டிய காந்தியடிகள், ஆங்கிலத்தைக் கட்டாயப் பாடமாக வைத்ததை ஏற்கவில்லை. கார்வே அவர்பால் பெருமதிப்புக் கொண்டிருந்தும், அந்த ஒன்றில் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆண்களுக்குரிய பாடத்திட்டமே பெண்களுக்கும் வேண்டும் என்றவர்களிடம், விரும்புவோர் அங்கே செல்லலாம், செல்ல இயலாதவர்களுக்கே இது என்று பொறுமையாக விளக்கினார். பிறகு மீண்டும் நிதி திரட்டப் புறப்பட்டார். நான்கு ஆண்டுகள் நாடு முழுவதும் அலைந்தார்.

1919-20-இல் பம்பாய்த் தொழிலதிபர் சர் விட்டல்தாஸ் தாக்கர்சே, விசுவேசுவரய்யா முதலியோருடன் ஜப்பானில் பயணம் செய்தபோது, அந்த டோக்கியோ மகளிர் பல்கலைக்கழகத்தை நேரில் கண்டார். நாடு திரும்பியதும், 1920-ஆம் ஆண்டு, கார்வேயின் பல்கலைக்கழகத்திற்கு 15 லட்சம் ரூபாய் வழங்க முன்வந்தார். அன்று அது எண்ணிப் பார்க்கவியலாத பெருந்தொகை. அவருடைய அன்னையின் நினைவாகப் பல்கலைக்கழகம் 'ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சே' என்னும் பெயரைத் தாங்கியது. பெருஞ்செல்வம் வந்து சேர்ந்தபோது, அதைப் பெற்றுக்கொள்ள ஒரு பல்கலைக்கழகம் ஏற்கெனவே நான்கு ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது.

முதுமையில் புதிய தொடக்கங்கள்

பெரும்பாலோர் இதற்குப் பின் ஓய்ந்திருப்பர். கார்வே 1929-ஆம் ஆண்டு மார்ச் மாதம், 71 வயதை எட்டும் நிலையில், முதன்முறையாகக் கடல் கடந்து சென்றார். இங்கிலாந்து, ஜெனீவா, டென்மார்க் ஆகிய இடங்களில் நடைபெற்ற கல்வி மாநாடுகளில் கலந்துகொண்டு, தம் பல்கலைக்கழகத்தின் பணியை எடுத்துரைத்தார். முருட் கோயிலில் செய்தித்தாள் வாசிக்கவே நாணிய அதே மனிதர்தான் அவர். அமெரிக்கா வழியாக ஜப்பான் சென்று, சிறு நூல் வழியே தமக்கு வழிகாட்டிய மகளிர் பல்கலைக்கழகத்தைக் கண்டு, 1930-இல் தாயகம் திரும்பினார். அவ்வாண்டின் இறுதியிலேயே ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டு, கென்யா, உகாண்டா, சான்சிபார், தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் வாழ்ந்த இந்தியர்களிடையே ஓராண்டுக்கும் மேலாகச் சுற்றி நிதி திரட்டினார்.

1936-ஆம் ஆண்டு, 78 வயதில், பள்ளியே இல்லாத கிராமங்களில் தொடக்கப் பள்ளிகளை ஏற்படுத்தவென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். தம் சொற்ப ஓய்வூதியத்திலிருந்து ஒரு பகுதியை அதற்குக் கொடுத்தார். மீதிக்கு வீடு வீடாகச் சென்றார். நாடறிந்த மூதறிஞர் சில்லறைக் காசுக்காகப் படியேறி வருவதைக் கண்டு நாணியவர்கள் கொடுத்தவர்களே அன்றி, அவர் நாணவில்லை. 1944-இல், 86 வயதில், சாதி வேற்றுமைகளை அகற்றுவதற்காகச் 'சமதா சங்கம்' என்னும் மற்றோர் அமைப்பைத் தோற்றுவித்தார். அதற்கும் முதல் நாள் முதற்கொண்டு கணக்குப் புத்தகம் ஒன்று இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆனந்திபாய் 1950-இல் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டில் பம்பாய் அரசு இயற்றிய சட்டத்தின் மூலம் மகளிர் பல்கலைக்கழகத்திற்குச் சட்டபூர்வமான தகுதி கிடைத்தது. ஐந்து மாணவியருடன் தொடங்கிய அப்பணிக்கு அரசின் முழு அங்கீகாரம் வந்து சேர 30 ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. 1955-இல் கார்வேக்குப் பத்ம விபூஷண் விருதும், நூறாண்டு நிறைந்த 1958-இல் பாரத ரத்னா விருதும் வழங்கப்பட்டன. அவ்வாண்டு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையும் வெளிவந்தது. உயிருடன் இருக்கும்போதே ஒருவருக்கு அச்சிறப்புக் கிடைப்பது அரிது. பம்பாயில் நடைபெற்ற நூற்றாண்டு விழாவில் பிரதமர் ஜவகர்லால் நேருவும் கலந்துகொண்டார். 1962-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், 104-ஆம் வயதில், மகரிஷி கார்வே புனேயில் காலமானார்.

புனே நகரம் பின்னர் வளர்ந்து ஹிங்கணேயைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. அவர் மளிகைச் சுமையுடன் நடந்த அத்திசையில் செல்லும் பெருவீதி இன்று கார்வே சாலை என்றும், ஹிங்கணேயின் பெரும்பகுதி கார்வே நகர் என்றும் வழங்கப்படுகின்றன. 750 ரூபாய்க் குடிலில் குடியேறிய அந்த இல்லம், பெண்களுக்கான பள்ளிகளும் கல்லூரிகளும் விடுதிகளும் கொண்ட நிறுவனமாக அங்கேயே தொடர்ந்து இயங்கி வருகிறது.